சிம்லேகாட்டில் நடுவில் நின்ற பாட்டு

அனுப்புநர்:
தோயநாத் சாப்கோட்டா,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
தலைவர், சிம்லே சமூக வானொலி நேயர் குழு,
மேல்கடைத்தெரு, சிம்லேகாட்.

பெறுநர்:
முதன்மை மாவட்ட அதிகாரி அவர்கள்,
சேர்லுங் மாவட்டம், நேபாளம்.

பொருள்: சிம்லே சமூக வானொலிக்கு வைக்கப்பட்ட முத்திரையை, ஆற்றில் வெள்ளம் வருமுன் அகற்றித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் நேரம் வீணாகாதிருக்க, சொல்ல இருப்பதை முதலில் வரிசையாகத் தருகிறேன்.

1. வானொலி யாருடையது, அதன் வழக்கம் என்ன
2. அது மூடப்பட்ட காரணம்
3. அன்று மாலை மக்கள் ஓடியது
4. இனி வரக்கூடிய ஆபத்து
5. வேண்டுகோள்

1. எங்கள் வானொலிக்கு முதலாளி கிடையாது. கூட்டுறவுச் சங்க மாடியில் ஒரே அறை. முடிதிருத்தும் கடைக்காரர் செய்தி வாசிக்கிறார். 'கேக்குறோம், சொல்லுங்க' நிகழ்ச்சியில் யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். தங்களுக்கு முன்பிருந்த அதிகாரி இருமுறை வந்து பதில் சொல்லியிருக்கிறார்.

மழைக்காலத்தில் இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. இரவும் பகலும் பாட்டு ஒலித்துக்கொண்டே இருக்கும். மலைமேல் இருக்கும் சுக்மாயா தாமாங், அங்குள்ள கரும்பாறையை ஆற்றுத் தண்ணீர் தொட்டதும் தொலைபேசியில் சொல்வார். உடனே அறிவிப்பாளர் ஜுனு மகர் பாட்டை நடுவில் நிறுத்துவாள். ஆற்றங்கரை மக்கள் அதற்குப் பின் வரும் சொற்களுக்குக் காத்திருப்பதில்லை. பாட்டு நின்றால் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏற வேண்டும். மீண்டும் பாட்டு வந்தால் இறங்கலாம். அடுப்பருகில் வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு, காதில் பாதியை அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் அவர்கள் உறங்குகிறார்கள்.

2. சென்ற மாதம் படகோட்டி பிஷ்ணி மாஜி என்ற பெண்மணி அந்த நிகழ்ச்சியில் கரைத் தடுப்பைப் பற்றிக் கேட்டார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "கம்பி வலைக்குள்ள கல்லு போட்டாச்சுன்னு சொல்றீங்க. என் ஆடு இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வருது. கல்லு எங்க சாமி?" ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த வாரம், உரிமம் புதுப்பிக்கப்படவில்லை என்று முத்திரை வைக்க ஆட்கள் வந்தார்கள். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை நாங்கள் முன்பே கொடுத்திருந்தோம். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் உறுதியாகக் கூற மாட்டேன். இல்லையென்று கூறவும் முடியவில்லை.

3. அது அசார் மாதம் இரண்டாம் நாள் மாலை. மழை பெய்துகொண்டிருந்தது. நாற்று நடவுப் பாட்டு ஒன்று ஒலித்துக்கொண்டிருந்தது. "ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்திக்கிறேன் அண்ணா" என்று ஜுனு கெஞ்சினாள். "பாட்டுதானேம்மா, நாளைக்குக் கேட்டுக்கலாம்" என்று சொல்லி அலுவலர் இயந்திரத்தை அணைத்தார். நான் அருகில்தான் நின்றிருந்தேன்.

கீழே, ஆற்றங்கரை முழுவதும் எழுந்து ஓடியது. பிள்ளைகளையும் ஆடுகளையும் இழுத்துக்கொண்டு, இருட்டும் வேளையில், வழுக்குப் பாறைகளின் மேல் ஏறினார்கள். பிஷ்ணியின் மாமியார் விழுந்து கால் முறிந்தது. ஆனால் வெள்ளம் வரவில்லை. மறுநாள் வானொலியின் மேல் புதுக் குற்றம் சேர்ந்தது: வதந்தி பரப்பி மக்களைக் கலவரப்படுத்தியது. ஒரு சொல்லும் பேச விடப்படாத வானொலி எவ்வாறு வதந்தி பரப்பும் என்பது எனக்கு விளங்கவில்லை. அது என் அறிவுக் குறைவாக இருக்கலாம்.

4. ஆபத்து இல்லை என்று தங்கள் அலுவலக ஜீப்பில் மைக் வைத்து அறிவித்தபின் மக்கள் வீடு திரும்பினர். ஒருமுறை வீணாக ஓடியவர்கள் மறுமுறை ஓட யோசிப்பார்கள். வானொலி ஊமையாக இருப்பதும் அவர்களுக்குப் பழகிவிட்டது. சுக்மாயா தொலைபேசியில் சொன்னாலும் அதை எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் கொண்டுசெல்ல எங்களிடம் இன்று எதுவும் இல்லை. உண்மையிலேயே வெள்ளம் வரும்போது அவர்கள் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருப்பார்கள். என் மனுவின் முதன்மையான வாதம் இதுவே.

5. பாட்டுக்கு மட்டும் அனுமதி தந்தால் போதும் என்றுதான் இங்கே முதலில் எழுதினேன். ஜுனு அந்த வரியை அடித்துவிட்டாள். "கேள்வி கேட்டதாலதானே கரையில கல்லு இல்லன்னு தெரிஞ்சுது வாத்தியாரே? பாட்டு மட்டும் போடணும்னா நான் கல்யாண வீட்டுக்கே போயிருப்பேன்" என்றாள். அவள் சொன்னது சரி. ஆகவே பாட்டும் கேள்வியும் சேர்த்தே திருப்பித் தரும்படி வேண்டுகிறேன். விசாரணை நடக்கட்டும், நான் வந்து நிற்கிறேன். ஆனால் மழை விசாரணைக்காகக் காத்திருக்காது. ஐயா, தாங்கள் ஒருமுறை நேரில் வந்து அந்த வலைக்குள் கைவிட்டுப் பாருங்கள். அதன்பின் எங்களைக் கைவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இடம்: சிம்லேகாட்
நாள்: அசார் 15

இப்படிக்கு,
பணிவுடன்,
தோயநாத் சாப்கோட்டா
(ஆற்றங்கரை மக்களின் கைநாட்டுகள் பின்பக்கத்தில்)

திருத்தம்:

கைநாட்டு வாங்க இன்று மாலை நானே ஆற்றங்கரைக்கு இறங்கினேன். முழங்கால் வலியால் இத்தனை நாள் போகவில்லை. வீடுகள் பூட்டிக் கிடந்தன. எல்லோரும் பள்ளிக்கூட மேட்டில், தார்ப்பாய்களின் அடியில் இருந்தார்கள். பகலில் இறங்கி நாற்று நடுகிறார்கள். பொழுது சாயுமுன் ஏறிவிடுகிறார்கள். இன்று நடவு நாளுக்குரிய தயிரும் அவலும்கூட அங்கேதான், மழை ஒழுகும் இடத்தில், எனக்கும் ஒரு கை கொடுத்தார்கள். பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தன. பிஷ்ணியின் மாமியார் கழற்றி வைத்த கதவு ஒன்றின்மேல் படுத்திருந்தார்.

என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். பிறகுதான் வாசித்துக் காட்டினேன். நான்காம் பத்தியில் சிரித்துவிட்டார்கள்.

"யாரு நிம்மதியா தூங்குறா வாத்தியாரே? மேல்கடைத்தெருவுல நீங்க தூங்குறீங்க" என்றார் பிஷ்ணி.

ஜீப்பில் வந்து சொன்னார்களே என்றேன்.

"மைக்குல யாரு வேணும்னாலும் பேசலாம். கரை கெட்டியா இருக்குன்னு சொன்னதும் அதே மைக்குதான். பாட்டு நின்னுச்சு, ஏறினோம். இன்னும் பாட்டு வரல. எப்படி இறங்குறது?"

கைநாட்டு விழுந்தபின் மனுவைத் திருத்துவது முறையல்ல என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். என் முதன்மையான வாதம் இதனால் விழுந்துவிடுகிறது என்பதை அறிவேன். அவர்கள் வீடு திரும்பவில்லை. நான்காம் பத்தியில் நான் எழுதியது தவறு.