தெய்வநாயகியின் பக்கம்

மார்ச் 11, 2025, செவ்வாய்

மரக்காணத்திலிருந்து காலையில் ஒரு மெயில்: மேஸ்திரி லாகின் செய்தால் வேறு யாருடைய பக்கமோ திறக்கிறதாம். உப்பள முதலாளிகள் சங்கத்துக்காக நான் எழுதிக்கொடுத்த தளம் அது. வேலையாள், மேஸ்திரி, முதலாளி, யார் லாகின் செய்தாலும் அவரவர் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். கோட்டக்குப்பத்தில், வீட்டிலேயே உட்கார்ந்து பத்து முறை பார்த்துவிட்டேன். சரியாகத்தான் போகிறது. "இங்கே பிழை எதுவும் இல்லை" என்று பதில் போட்டேன்.

மார்ச் 12, புதன்

தெய்வநாயகி அக்கா போன் செய்தார். உப்பு வாருகிறவர். ஜனவரியில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனபோது என் நம்பர் வாங்கியிருந்தார்.

"ஏம்மா ஃபர்ஹானா, எழுதறத கமிட்டி மேடம் மட்டும்தான் பாப்பாங்கன்னு சொன்னியே?"

மேஸ்திரி கலியமூர்த்தி கையைப் பிடித்து இழுத்ததைத் திங்கள்கிழமை சாயங்காலம் தளத்தில் பெண்களுக்கான புகார்ப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கலியமூர்த்தி அதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்திருக்கிறான். இனிமேல் வேலைக்கு வராதே என்றும் சொல்லிவிட்டான்.

அவன் கைக்கு எப்படிப் போச்சு? பதினெட்டு பொம்பளைங்க முன்னாடி நின்னு, பயப்படாம எழுதுங்கன்னு நான்தானே சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்

மரக்காணம் போனேன். நோன்பு, வெயில், பாத்திகளின் வெள்ளை. கண் கூசியது.

கொட்டகையில் எல்லாருக்கும் ஒரே டேப்லட். வேலையாளாக லாகின் செய்து, புகார்ப் பக்கத்தைத் திறந்து, லாக்அவுட் செய்தேன். அப்படியே மேஸ்திரியாக லாகின் செய்தேன்.

அந்தப் புகார்ப் பக்கமே திறந்தது.

வீட்டில் ஒவ்வொரு முறையும் புது விண்டோ திறந்து பார்த்தேன். இங்கே யாரும் விண்டோவை மூடுவதில்லை. டவர் அடிக்கடி போய்விடுகிறதே, பாதி எழுதியவர்கள் திரும்ப வந்தால் விட்ட இடத்துக்கே போகட்டும் என்று கடைசிப் பக்கத்தின் முகவரியைச் சேமித்துவைத்தது நான்தான். லாக்அவுட்டில் அதை அழிக்கவில்லை. புகார்ப் பக்கமும், யாராவது லாகின் செய்திருக்கிறார்களா என்று மட்டும்தான் பார்க்கிறது. யார் என்று பார்க்கவில்லை.

சர்வர் பதிவில் திங்கள்கிழமை: 4.20, தெய்வநாயகி லாக்அவுட். 4.31, கலியமூர்த்தி லாகின். அதே நிமிடம் அந்தப் பக்கம்.

மார்ச் 14, வெள்ளி

நாற்பது நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். நாற்பதே நிமிடம்.

எங்கள் கம்பெனி முதலாளி அருள்மொழி சாரிடம் சொன்னேன். "திருத்தினத சத்தமில்லாம ஏத்திடு. அந்தம்மா லாக்அவுட் பண்ணாம போயிட்டாங்கன்னு சங்கத்துக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

"பண்ணிட்டுத்தான் சார் போனாங்க. பதிவுல டைம் இருக்குது."

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

மார்ச் 15, சனி

நோன்போட நான் பொய் சொல்லல. சும்மாதான் இருக்கேன். சும்மா இருந்தா அது பொய் இல்லையா?

மார்ச் 17, திங்கள்

சங்க ஆபீசில் விசாரணை. என்னை யாரும் கூப்பிடவில்லை. போனேன். அருள்மொழி சார் என்னைப் பார்த்ததும் எழுந்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"அந்தம்மா தெறந்து போட்டுட்டுப் போச்சுங்க. கண்ணுல பட்டுது, படிச்சேன்" என்றான் கலியமூர்த்தி.

நான் பதிவுத் தாளை மேசையில் வைத்தேன்.

"அவங்க மூடிட்டுத்தான் போனாங்க. தப்பு நான் எழுதின கோட்லதான் இருக்குது."

புகார்க் கமிட்டித் தலைவி கமலாம்பாள் மேடம் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு கலியமூர்த்தியைப் பார்த்தார்.

"சரிப்பா, பக்கம் தானா தெறந்துச்சு. வாயும் தானா தெறந்துச்சா?"

தாளைத் தன் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பஸ்ஸு வந்துடும்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மார்ச் 18, செவ்வாய்

என் வேலை போய்விட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

பெரிய முதலியார்சாவடியில் ஒரு சின்ன கம்பெனியில் சேர்ந்து மூன்று நாள். சாயங்காலம் தெய்வநாயகி அக்காவே கூப்பிட்டார். போன வாரம் மறுபடி பாத்தியில் இறங்கிவிட்டாராம். கலியமூர்த்தியை நீக்கிவிட்டார்கள்.

"டேப்லட்ல இப்பவும் எழுதறீங்களாக்கா?"

"எழுதறோம். ஒருத்தி எழுதினா ரெண்டு பேரு பக்கத்துலயே நின்னுக்கறோம். அவ லாக்அவுட் பண்ணதும் நாங்க ஒரு தரம் லாகின் பண்ணி, என்னா தெறக்குதுன்னு பாத்துட்டுத்தான் போறோம்." உடனே சேர்த்துச் சொன்னார்: "நீ தப்பா நெனச்சுக்காதம்மா."

"இல்லக்கா. அப்படியே பாருங்க" என்றேன்.