புது மெஷினின் ரப்பர் வாசனை

மார்ச் 3, செவ்வாய்

நேற்று கல்யாண நாள். இருபத்தைந்து வருஷம் முடிந்தது. இவர் ஒரு காபி மெஷினை வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்துவிட்டார். என் பழைய வடிகட்டியை என்னைக் கேட்காமலே பரணில் ஏற்றியாகிவிட்டது. காபியை ருசி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்குக் காபி மெஷின்! ஆசையாக வாங்கியிருக்கிறார், வாயை மூடிக்கொண்டிரு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இன்று காலை முதல் கோப்பை. ஒரே ரப்பர். செருப்பைக் கவ்வின மாதிரி.

"ரப்பர் வாசனை வருதுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

வாயை மூடிக்கொண்டிருந்தது மொத்தம் இரண்டு மடக்கு நேரம்.

மார்ச் 4, புதன்

வெறும் தண்ணீரை மூன்று தடவை ஓட்டச் சொல்கிறது கையேடு. ஆறு தடவை ஓட்டினேன். ரப்பர் அப்படியே இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

பாதி வினிகர், பாதி தண்ணீர். அரை மணி ஊறவிட்டு ஓட்டினேன். பிறகு இரண்டு தடவை நல்ல தண்ணீர். வினிகர் போய்விட்டது, அடியில் ரப்பர் உட்கார்ந்திருக்கிறது. அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

"ஆபீஸ்ல மார்க் போடறது போதாதா? வீட்டுலயும் போடணுமா?"

சுருக்கென்றது. ஏனென்றால் முழுப் பொய் இல்லை. போன வருஷம் அவர் வாங்கி வந்த திரைச்சீலை, அதற்கு முந்தைய வருஷக் கைப்பை, எதை நான் விட்டுவைத்தேன்? ஆனால் இது ரப்பர். ரப்பரை ரப்பர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

மார்ச் 8, ஞாயிறு

எலுமிச்சைச் சாறு ஊற்றி ஓட்டினேன். பலனில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"ஒண்ணுமே இல்லை. உனக்குத்தான் உடம்பு சரியில்லையோ என்னவோ."

சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். எனக்குத்தான் அது நெஞ்சில் தைத்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. ஜனவரியிலிருந்து புது மாத்திரை வேறு. ஆபீஸில் எனக்கு முன்னால் முதல் நாற்காலியில் காபி ருசி பார்த்தவருக்கு நாக்கு இப்படித்தான் போனது. எல்லாருக்கும் தெரிந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

மார்ச் 10, செவ்வாய்

ருசி அறையில் இரண்டே நாற்காலிகள். கரண்டியால் உறிஞ்சி, வாயில் சுழற்றி, துப்பிவிட்டு, பேசாமல் மார்க் எழுதவேண்டும். இரண்டு பேர் மார்க்கும் ஒத்துப்போகவில்லை என்றால் முதல் நாற்காலி சொல்வதுதான் முடிவு. பதினோரு வருஷமாக அது என் நாற்காலி.

நாக்கில் சந்தேகம் வந்தால் அன்றே மேனேஜருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் சீப்பு. கெட்ட சேதி சொல்ல வருமுன் தலை வாரிக்கொள்வார்.

எழுதிக் கொடுத்தால் அன்றோடு நாற்காலி போச்சு. எழுதவில்லை.

மார்ச் 12, வியாழன்

இரண்டாம் நாற்காலிக்காரி இன்று விடுப்பு. எல்லாம் என் ஒருத்தியின் கையெழுத்து. ஐந்தாம் கோப்பையில் ரப்பர். மட்டமான கொட்டையில் அந்த வாசனை வருவது உண்டு, இந்த மேஜையில் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். ஆனால் இது அச்சு அசல் எங்கள் வீட்டு ரப்பர்!

வாய் கொப்பளித்தேன். மறுபடி உறிஞ்சினேன். மூன்றாவது தடவையும் ரப்பர். வீட்டில் இல்லாத வாசனை எனக்கு வருகிறது என்றால் இங்கே வருவதும் அப்படித்தானே? நல்ல சரக்கை என் கெட்ட நாக்கால் திருப்பி அனுப்பினால்? 'குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாக்கு ஒன்று சொல்ல, கை வேறொன்று எழுதியது இதுதான் முதல் தடவை.

மார்ச் 13, வெள்ளி

இன்றும் ரப்பர். குடித்துவிட்டு ஆபீஸ் கிளம்பினேன்.

மார்ச் 23, திங்கள்

சீப்பு தலை வாரிக்கொண்டு வந்தார்.

அந்த ஐந்தாம் கோப்பைச் சரக்கு நாலு இடத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது. இரண்டாம் நாற்காலிக்காரி ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள்.

"மேடம், பிரிக்கும்போதே ரப்பர் அடிக்குது. உங்களுக்கா தெரியாமப் போச்சு?" அவள் குரலில் குத்தல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். குத்தியிருந்தால் தேவலை.

தெரிந்தது என்றேன். பூசி மெழுகாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டிலும் இதே வாசனை, வீட்டுக்காரருக்கு வரவில்லை, அதனால் என் நாக்கில்தான் கோளாறு என்று நினைத்தேன் என்று.

சீப்பு நான் கையெழுத்துப் போட்ட தாளை என் முன்னால் வைத்தார். "உங்க நாக்கை நீங்களே நம்பலைன்னா, நாங்க எப்படிம்மா நம்புறது?"

நாளையிலிருந்து எனக்குப் பொட்டலப் பிரிவு. லேபிள் கோணலாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. முதல் நாற்காலி அவளுக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். இவர் தோளைத் தட்டினார். "போனாப் போகுது விடு. எத்தனை நாளைக்குத்தான் துப்பிட்டே இருப்பே?"

மார்ச் 29, ஞாயிறு

எப்படி எழுத? சரி, நடந்தது நடந்தபடி.

காலையில் மறுபடியும் தொட்டியில் வினிகர் ஊற்றி ஊறவைத்தேன். வேறு பிடிவாதம் எதுவும் மிச்சமில்லை எனக்கு. அந்த நேரம் பார்த்து இரண்டாம் நாற்காலிக்காரி — இப்போது முதல் நாற்காலிக்காரி — போன் செய்தாள். ருசிக் கரண்டிகளை எந்தத் துணியால் துடைப்பேன் என்று கேட்டாள். பால்கனியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால், இவர் அதே தண்ணீரில் பொடியைப் போட்டு இரண்டு கோப்பை காபி இறக்கிவிட்டார். தன் கோப்பையில் பாதி காலி.

"எப்படி இருக்கு?" சும்மாதான் கேட்டேன்.

"நல்லா இருக்கு."

என்னுடையதில் ஒரு வாய் வைத்தேன். தொண்டை எரிந்தது. சிங்க்கில் துப்பினேன்.

"வினிகருங்க இது! இதையா நல்லா இருக்குன்னீங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சுது. சொன்னா மறுபடியும் மெஷினைப் பத்தி ஆரம்பிப்பியேன்னு..."

"அப்போ ரப்பர்?"

கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதல் நாளே தெரிஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

"நான் வாங்கிட்டு வந்த எதையாவது ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா நீ? இதுலயாவது மூக்கு உடைபடாம இருக்கலாம்னு பார்த்தேன். சின்ன விஷயம்தானேன்னு..."

"நாற்காலி போச்சுன்னு அழுதேனே, அன்னைக்காவது சொல்லியிருக்கலாமில்லே?"

"அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

என்ன மனுஷன் இவர்! என் நாக்கு செத்துப்போச்சுன்னு நான் துடிச்சிட்டிருக்கேன், பக்கத்துல உக்காந்து அதே ரப்பரை முழுங்கிட்டு, உடம்பு சரியில்லையோன்னு என்னையே கேக்கறார். கேக்க எப்படி மனசு வந்துது?

மார்ச் 30, திங்கள்

சீப்பிடம் போனேன். "என் நாக்கு சரிதான் சார். வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்கு, சொல்லலை, அவ்வளவுதான்."

"இதை நான் ஃபைல்ல என்னன்னு எழுதுவேன்?" என்றார். தலை வாரிக்கொள்ளவில்லை. அந்த அளவுக்குக் கூட இது சேதியில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 1, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். தொட்டிக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு ரப்பர் வளையம். நெம்பிக் கழற்றி மூக்கருகில் கொண்டுபோனதுமே குமட்டியது. சமையல் சோடா கரைத்த வெந்நீரில் போட்டிருக்கிறேன். தினம் தண்ணீர் மாற்றவேண்டும்.

ஏப்ரல் 6, திங்கள்

வளையத்தை மாட்டிக் காபி போட்டேன். ரப்பர் வாசனை துளியும் இல்லை. நல்ல காபி. சமையலறையில் நின்றே முழுவதையும் குடித்தேன். என் நாக்குக்கு ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது தோன்றுகிறது. லேபிளைப் பார்க்க நாக்கு எதற்கு?

ஏப்ரல் 12, ஞாயிறு

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்கிறார். குழம்பில் உப்பு தூக்கல், ரசத்தில் புளி குறைச்சல். திருந்திவிட்டாராம்.

இன்று காலை தொட்டியைச் சோடாவால் கழுவினேன். சரியாக அலசவில்லை. அலசவில்லை என்று தெரிந்தேதான் காபி போட்டேன். எனக்குப் பரணிலிருந்து இறக்கிய பழைய வடிகட்டியில் தனியாக.

ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "என்னவோ சவர்க்காரம் மாதிரி இருக்கே. சோடா வாசனை வருதா பாரேன்."

கோப்பையை வாங்கி ஒரு மடக்கு குடித்தேன். துப்பவில்லை. விழுங்கினேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

என்னைப் பார்த்தார். பிறகு கோப்பையை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நான் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.