மெசரெத்தின் மணிக்கட்டு

பெய்ரூட்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மித்ரி அண்ணனுக்கு,

நுஹா எழுதுகிறேன். நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? மொன்ட்ரியலில் இன்னும் பனி விடவில்லையாமே, முழங்காலைப் பார்த்துக்கொள். நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். கரண்ட் பாதி நாள் இல்லை. அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதைக்கூட விட்டுவிட்டார்கள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நான் அழுவேன், நீ சமாதானம் சொல்வாய், சொல்ல வந்தது நின்றுபோகும். அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

மெசரெத்தை உனக்குத் தெரியும். எங்கள் சட்ட உதவி அலுவலகத்தின் போன வருட அறிக்கையில் 'ஹானா' என்ற பெயரில் வந்த எத்தியோப்பியப் பெண் அவள்தான். நான்கு வருடத்துக்கு முன்னால், வேலை செய்த வீட்டு எஜமானி சூடான இஸ்திரிப்பெட்டியை அவள் இடது மணிக்கட்டில் வைத்தாள். மறுநாள் காலில் செருப்புகூட இல்லாமல் எங்களிடம் ஓடிவந்தாள். ஓடிப்போன வேலைக்காரி மேல் நகைத் திருட்டுப் புகார் கொடுப்பது இந்த ஊர் வழக்கம், அவள் மேலும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எங்களோடுதான் இருந்தாள். பூர்ஜ் ஹம்மூதில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே, ஞாயிறு விடுப்பு கிடைக்கும் பெண்களுக்கெல்லாம் இஞ்செரா ரொட்டி சுட்டுப்போட்டு, காப்பிக்கொட்டை வறுத்து, ஊர்க்கதை பேசிச் சிரிக்க வைப்பாள்.

அந்த எஜமானி யார் என்று உன்னிடம் நான் சொன்னதில்லை. வக்கீல் தன் கட்சிக்காரர் ரகசியத்தை அண்ணனிடமும் சொல்லக்கூடாது என்பது என் பிடிவாதம். இப்போது சொல்கிறேன். லோரிஸ். உன் பள்ளித் தோழன் ஃபுவாதின் மனைவி லோரிஸ்.

அறிக்கையை நான் முதலில் எழுதியபோது அதில் தழும்பு இல்லை. 'துன்புறுத்தப்பட்டார்' என்று ஒரு வார்த்தையோடு விட்டிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீதான் சொன்னாய்: "என்ன நுஹா, போலீஸ்காரன் எழுதின மாதிரி இருக்கு. உங்களுக்காக நான் இங்க நிதி திரட்டற விருந்துக்கு வர்றவங்க கரண்டிய கீழ வைக்கணும். அப்படி எழுது." நானும் எழுதினேன். முக்கோணத் தழும்பு, அதன் முனை கட்டைவிரலைப் பார்த்து இருக்கிறது, அந்தக் கையால்தான் இன்று ஞாயிறுதோறும் எங்கள் சமையலறையில் எல்லாருக்கும் காப்பி ஊற்றுகிறாள் என்று எழுதினேன். முதல் பிரதியை மெசரெத்துக்குப் படித்துக்காட்டிச் சம்மதம் வாங்கியிருந்தேன். இரண்டாவதைக் காட்டவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெயரை மாற்றினேன், வயதை மாற்றினேன், ஊரை மாற்றினேன். தழும்பை மாற்றத் தோன்றவில்லை. அது எந்தக் கை, எந்தப் பக்கம் என்று தெரிந்தவர்கள் எங்களைத் தவிர உலகத்தில் இரண்டே பேர்: பட்டவளும் சுட்டவளும். இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்த்தவளுக்கு அது உறைக்கவில்லை. விருந்தில் எல்லாரும் அழுதார்கள், அள்ளிக் கொடுத்தார்கள் என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய். அந்தப் பெருமையில் அறிக்கையை உன் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினாய். நான் உன்னிடம் ரகசியம் காத்ததால்தான் அது அந்தக் குழுவில் இருக்கும் ஃபுவாதின் வீட்டுக் கதை என்று உனக்குத் தெரியவில்லை. உன் மேல் எனக்குக் கோபமில்லை அண்ணா. எழுதியது என் கை.

போன ஞாயிறு லோரிஸ் பூசை முடிந்து நேராக வந்தாள், பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள். என்னைக் கட்டிப்பிடித்து மூன்று முத்தம் கொடுத்தாள். "எப்படி இருக்கே நுஹா, ரொம்ப இளைச்சுட்டியே! மித்ரி சௌக்கியமா?" என்றாள். நானும் வாய்தவறி சௌக்கியம் என்றேன். பிறகு அவள் நேரே சமையலறைக்குப் போய், அடுப்படியில் நின்ற மெசரெத்தின் சட்டைக் கையைத் தானே மேலே சுருட்டிப் பார்த்து, "இவதான். படிச்ச மாதிரியே இருக்கு," என்று போலீஸ்காரரிடம் சொன்னாள். இருபது பெண்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். சட்டியில் காப்பிக்கொட்டை கருகிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை மெசரெத்தைக் காவலில் போய்ப் பார்த்தேன். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அறிக்கையை யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதியது முழுவதும் தெரிந்திருக்கிறது. நான்கு வருடமாக என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள், அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று நானே பழக்கியிருந்தேன். நேற்று சொன்னாள்: "மேடம், இனிமே என்னப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க மேடம்." அவ்வளவுதான். லோரிஸையும் அவள் அப்படித்தான் கூப்பிட்டிருப்பாள்.

வியாழக்கிழமை விசாரணை. புகார் நிலைத்தால் மூன்று வருடம் சிறை. வாதாடுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. காயத்துக்கு அன்றைக்கே மருத்துவச் சான்று வாங்கியிருக்க வேண்டும்; போலீஸுக்குத் தகவல் போய்விடும் என்று பயந்து மருத்துவமனைக்கே அழைத்துப்போகவில்லை. ஒன்பது வருடம் உட்கார்ந்து வீட்டு வேலைக்காரப் பெண்களுக்காக நாங்கள் எழுதிய புது ஒப்பந்தச் சட்டம் எந்த அலமாரியில் தூங்குகிறதோ. எங்களுக்குப் பணம் தந்த ஐரோப்பிய அறக்கட்டளையும் இந்த வருடத்தோடு கையைக் கழுவுகிறது, அவர்களுடைய இரக்கம் இப்போது வேறு நாட்டுக்கு மாறிவிட்டது. மிச்சம் இருப்பது நானும் சுவரில் ஒரு அறிவிப்பும்: 'இங்கே சிபாரிசு செல்லாது.'

அதனால் நேற்று மாலை லோரிஸ் வீட்டுக்குப் போனேன். புகாரைத் திரும்ப வாங்கச் சொல்லிக் கெஞ்சினேன், ஒளிப்பானேன். லோரிஸ் தட்டில் பழம் வைத்து உபசரித்தாள். "உன் சட்டமெல்லாம் எங்கடி போச்சு, நுஹா?" என்று கேட்டாள். ஃபுவாத் என் முகத்தையே பார்க்கவில்லை. "அந்தக் குழுவில என் மானம் போச்சு. மித்ரி அதே குழுவில அது பொய்னு எழுதட்டும். அவன் வாயால எங்கிட்ட கேக்கட்டும். பாக்கலாம்," என்றான்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் நம் சித்தப்பா மகனின் விபத்து வழக்குக்காக, எனக்குத் தெரிந்த நீதிபதியிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாய். மாட்டேன் என்றேன். அதோடு விட்டேனா, அதே வாரம் டி.வி.யில் உட்கார்ந்து சிபாரிசு கேட்கிறவன் திருடன் என்று பேசினேன். மூன்று வருடம் நீ என்னோடு பேசவில்லை. இன்று நான் உன் வாசலில் நிற்கிறேன் அண்ணா.

நாளை மதியம் ஃபுவாதைக் கூப்பிடு. சாப்பிட்ட பிறகு அவன் குணமாக இருப்பான். உரிமை, நியாயம் என்று ஆரம்பிக்காதே. "நம்ம வீட்டு வேலைக்காரிப் பொண்ணுன்னு நெனச்சு எனக்காக விட்டுடுப்பா," என்று சொல். அவன் மகனுக்கு அங்கே கல்லூரியில் இடம் வாங்கிக் கொடுத்தவன் நீ. அதை நீ சொல்லவே வேண்டாம், அவனுக்கே ஞாபகம் வரும். பிறகு கீழே இருப்பதை ஓர் எழுத்தும் மாற்றாமல் குழுவில் போடு:

'அறிக்கையில் குறிப்பிட்ட பெண்ணின் கையில் இருப்பது சமையல் அடுப்பில் தவறிப் பட்ட காயம். விசாரிக்காமல் எழுதிவிட்டேன். மன்னிக்கவும். வழக்கறிஞர் நுஹா.'

இதை எழுத எனக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இனி எந்தப் பெண்ணின் தழும்பைப் பற்றி நான் பேசினாலும் இந்த நாலு வரியை எடுத்து நீட்டுவார்கள். நீட்டட்டும். புகாரைத் திரும்ப வாங்கினாலும், ஓடிப்போனவள் என்பதால் அவளை இங்கே இருக்க விடமாட்டார்கள், விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சிறைக்குப் பதிலாக அவள் அம்மா வீடு. அதையாவது வாங்கித் தருகிறேன்.

ஆண்டவர் உன்னையும் உன் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். என்னை நீ மன்னித்தாயா என்று கேட்கவில்லை, நாளை மதியம் மறக்காமல் கூப்பிட்டால் போதும். படித்து முடித்ததும் இந்தப் படங்களை அழித்துவிடு. மெசரெத் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் மீறித்தான் இவ்வளவும் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை,
நுஹா