ஞானையா சாரின் மஞ்சள் வேலி

14.6.87, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து பார்த்தால், எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே வரிசையாகக் குச்சிகள். ஞானையா சார் நட்டிருக்கிறார். காலேஜில் தாவரவியல் வாத்தியார், மனைவியை இழந்து சில வருஷம், செடி என்றால் மட்டும் வாய் திறப்பவர். ஏற்காடு டூரில் ஒடித்து வந்த காட்டுச் சூரியகாந்தியாம். வேலிக்கு வேலி, உரத்துக்கு உரம், பூச்சிக்கு மருந்து, ஆட்டுக்குத் தீனி என்றார். காபி போடுமா என்று கேட்க நினைத்தேன். அப்பா இருந்ததால் கேட்கவில்லை.

2.7.87

குச்சி அத்தனையும் துளிர்த்துவிட்டது. அதே செம்பாக்கத்து வெயிலில் என் ரோஜா எல்லாம் செத்தது. என்ன நியாயம் இது?

9.8.87

எதிர் வீட்டில் ஆடு வளர்க்கும் பச்சையம்மாவிடம் சார் ஒரு கட்டுத் தழை கொண்டுபோனார். ஆடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. "இன்னா சார், ஆட்டுக்கே புடிக்கல. நீ மொதல்ல துன்னு காட்டு, அப்பால அது துன்னும்" என்றாள் அவள். மனுஷன் நிஜமாகவே ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். நல்ல கசப்பு போல. சிரிப்பை அடக்க உள்ளே ஓடினேன். அடங்கவில்லை. அவருக்குக் கேட்டிருக்கும்.

29.8.87

சர்ச்சில் விளைச்சலைப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்கு வருஷா வருஷம் நான் கொண்டுபோவது கத்தரிக்காய். இந்த வருஷம் செடியெல்லாம் மாவுப்பூச்சி. சார் அந்த இலையை வாளியில் ஊறவைத்து, இன்று கொண்டுவந்து தெளித்தார். சாயந்திரம் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். நாற்றம் தாங்காமல் போதகரின் மனைவி ஜெபத்தைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். இதுவரை நடக்காத அற்புதம்.

10.9.87

பூச்சி போய்விட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு பீரியட் பாடம்.

27.9.87

"பக்கத்து வீட்டுத் தம்பி உன்கிட்ட ஏதாவது கேட்டாரா?" என்றார் அப்பா, சாப்பிடும்போது. கேட்டார், வெட்டின தழையைக் கத்தரிப் பாத்திக்குப் போடலாமா என்று கேட்டார் என்றேன். அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

எனக்கு நாற்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டால் பிள்ளைகள் நடுங்கும். அந்தக் காலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்து போனவர்களில் பாதிப் பேர் இப்போது தாத்தா. இவர் கேட்டால் சரி என்பேன் - இங்கே மட்டும் எழுதுகிறேன். ஆனா கேக்கணுமே. நானா போய்க் கேக்கிறதா? மாட்டேன். கேக்காமலே இருந்துட்டா? பயமாத்தான் இருக்கு.

18.10.87

வேலி முழுக்க மஞ்சள். நானும் பூப் பார்க்கிற சாக்கில் போய் நின்றேன். ஒரு பூவைப் பிய்த்து, இது ஒரு பூ இல்லை, நிறையச் சின்னப் பூக்கள் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன என்று விளக்கினார். வேறு ஏதாவது சொல்லணுமா சார் என்றேன். யோசித்தார். விதையிலும் முளைக்கும் என்றார்.

போய்யா.

1.11.87, ஞாயிறு

அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, படைத்த பொருளை எல்லாம் ஏலம் விட்டார்கள். என் கூடை வந்ததும் வழக்கம்போல அப்பா கை தூக்கினார். எங்கள் வீட்டுக் காய் மலிவாகப் போனால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். பின்னாலிருந்து இன்னொரு கை. ஞானையா சார்! அப்பா ஏற்ற, அவர் ஏற்ற, அப்பா மறுபடி ஏற்ற... அந்த விலைக்குப் பச்சையம்மாவின் ஆட்டையே வாங்கியிருக்கலாம். சபை சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

அப்பா திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உங்களுக்குக் கத்தரிக்காய்தானே வேணும்?"

"இல்ல சார்."

சொல்லிவிட்டு என் பக்கம் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அப்பா மெல்லக் கையை இறக்கினார். என் காதெல்லாம் சூடு.

வீட்டுக்கு வந்தால் வேலியோரம் சார் காத்திருந்தார். அப்பாவிடம் சொன்னது செல்லாது, என்னிடம் கேட்கணும் என்றேன். திக்கித் திக்கிக் கேட்டார். சரி என்றேன். சந்தோஷமா இருக்கு. ரொம்ப.

22.11.87, ஞாயிறு

நல்ல மழை. சபையில் எங்கள் கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்தார்கள். ஞானையாவுக்கும் ரத்தினபாய்க்கும் என்று வாசித்து, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் நிறுத்தின நேரம் பார்த்து அப்பா பலமாக இருமினார். சபையே திரும்பியது. அப்பா எழுந்து, "சளி ஐயா, நீங்க வாசிங்க" என்றார்.

உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சளிக்கு யாராவது கண்ணைத் துடைப்பார்களா? பக்கத்து வீட்டுக்குத்தானேப்பா போறேன் என்றேன்.

அதற்கும் இருமினார்.