கட்டிய கை

ஓஹோய்தெல்
செப்டம்பர்

அன்புள்ள அக்கா யாகோமினாவுக்கு,

தம்பி செர்வாஸ் எழுதுவது. நானும் பிள்ளை தெக்லாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

போன் போட்டுப் போட்டு நீ களைத்திருப்பாய். டவர் செத்துக் கிடக்கிறது. பேட்டரிகள் போய்விட்டன. புதியவை வந்து கொட்டகையில் அட்டைப் பெட்டியோடு இருக்கின்றன. மாட்டத் தெரிந்த ஒரே ஆள் இந்தத் தீவில் நான்தான். நாளைக்கு மாட்டலாம் என்று தினமும் நினைத்துக்கொண்டு படுத்துவிடுகிறேன். ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. என் லெவினா போனதிலிருந்து என்னை யாரும் எதற்கும் ஏன் என்று கேட்பதில்லை.

நீ சொத்து விவரம் கேட்டிருந்தாய். வீட்டை விற்க முடியாது. மண் மாமியார் குடும்பத்தினுடையது, சுவரும் தகரமும்தான் என்னுடையவை. தென்னந்தோப்பு வேறு. கல்யாணத்தின்போது லெவினாவின் அப்பா அவள் பெயருக்கே கொடுத்தது, கடற்கரைவரை போகிறது. சுரபாயாக்காரர் ஒருவர் அங்கே சுற்றுலாக் குடில்கள் கட்ட ஆசைப்படுகிறார். அவரிடம் உள்ளதைச் சொன்னேன். மாதம் ஒரு கப்பல்தான் வரும், அதுவும் கரைக்கு வராது, படகில் போய் நடுக்கடலில் ஏணியைப் பிடிக்க வேண்டும், மேற்குக் காற்று தொடங்கினால் அதுவும் கிடையாது என்றேன். மனிதர் சந்தோஷப்பட்டார். "சீரழிஞ்சு வந்து சேர்ற இடத்துக்குத்தான் தம்பி வெள்ளைக்காரன் காச அள்ளிக் குடுப்பான்" என்றார்.

தோப்பைக் கொடுத்துவிட்டு, காற்றுக்கு முன்னால் வரும் கடைசிக் கப்பலில், நவம்பரில், தெக்லாவைக் கூட்டிக்கொண்டு அம்போனுக்கு உன்னிடமே வந்துவிடுகிறேன். நீ சொன்னதுதான் சரி. பிள்ளை இங்கே இருக்கக் கூடாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடற்பாசி வளர்க்கக் கயிறுகள் கட்டியிருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிடுகிறாள். அன்றைக்கு லெவினா போன படகு அங்கிருந்துதான் வந்தது, ஆள் இல்லாமல். பாதி நிறைந்த கூடையும் தொப்பியும் அதில் இருந்தன. ஊரே தேடியது. பாதிரியார் வந்து ஜெபித்தார். புதைக்கத்தான் ஒன்றுமில்லை.

ஒரு சின்ன இடைஞ்சல். சுரபாயாக்காரர் நிலத்தை அளக்க வந்த அன்று தோப்பு வாசலில் சாசி ஓலை கட்டியிருந்தது. நம் ஊரில் காய் முற்றும்வரை தோப்பில் யாரும் கை வைக்கக் கூடாது என்று குருத்தோலை கட்டுவார்களே, அதேதான். நம் பக்கம் காவல்காரர் அவிழ்ப்பார். இங்கே கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். அதுவரை அந்த இடத்தை விற்கவும் முடியாது, கடக்கவும் முடியாது. யார் கட்டியது என்று வீடு வீடாகக் கேட்டேன். கட்டியவர்கள் ஒளிக்கிற வழக்கம் இங்கே இல்லை. எல்லோரும் இல்லை என்றார்கள். படகோட்டி எலியாசர், லெவினாவின் சித்தப்பா மகன், அவன் மட்டும் சிரித்தான். "பொண்டாட்டி போட்ட பூட்டு மச்சான். சாவிய அவகிட்டயே போய்க் கேளு" என்றான். சொன்ன வேகத்தில் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

ஓலை காய்ந்து உதிர்ந்தால் தடையும் போய்விடும் என்கிறார்கள். காயட்டும்.

உன் தம்பி
செர்வாஸ்


ஓஹோய்தெல்
அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய சட்டை தெக்லாவுக்குச் சரியாக இருக்கிறது. கைதான் கொஞ்சம் நீளம். வளர்ந்துவிடுவாள்.

ஓலை காயவில்லை. நுனி பழுக்க ஆரம்பித்தால் மறுநாள் அந்த இடத்தில் புதுக் குருத்து தொங்குகிறது. பிறகு எங்கள் படகின் மூக்கில் ஒன்று. போன வாரம் வீட்டு வாசல் நிலையிலும் ஒன்று. சுரபாயாக்காரர் வேறு தீவு பார்க்கப் போய்விட்டார். அவர் போனதில் எனக்கு வருத்தமில்லை. எதிலும் வருத்தம் வருவதில்லை. ஆனால் வாசலில் கட்டியதிலிருந்து ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் வருவதில்லை. எம்பால் என்கிற மரவள்ளி ரொட்டியும் மீனும் கொண்டுவருகிறவர்கள் படிக்கு வெளியே வைத்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள். நானும் தெக்லாவும் பின்பக்கமாகப் போய்வருகிறோம்.

வேறு வேலை இல்லாததால் முடிச்சைப் பார்த்தேன். தொடவில்லை, பார்த்தேன்.

அக்கா, அது என்னுடைய முடிச்சு. டவரில் கேபிள்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டுவதற்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. இரண்டு சுற்று, அடியில் ஒரு நுழைப்பு, மிச்சத்தை மடித்துத் திருப்பிச் செருக வேண்டும். இழுக்க இழுக்க இறுகும். கல்யாணமான புதிதில் லெவினா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, கேபிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அவள் பிடிப்பாள், நான் கட்டுவேன். பார்த்தே பழகிவிட்டாள். பாசிக் கயிறுகளையும் அப்படியே கட்ட ஆரம்பித்தாள். மற்றப் பெண்கள் கேலி செய்வார்கள். "புருசன் கம்பத்துக்குப் போடுறத பாசிக்கு எதுக்குடி போடுற? பாசி என்ன போன் பேசவா போகுது?" என்பார்கள். அவர்களில் யாரும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. இந்தத் தீவில் அந்த முடிச்சு தெரிந்தவர்கள் அவளும் நானும்தான்.

அதனால் நான்தான் தூக்கத்தில் எழுந்து போய்க் கட்டுகிறேன் என்று நினைத்தேன். படித்தவன் வேறு என்ன நினைப்பான்? என் கால்களைப் பார்த்தேன். பாதத்தின் உட்பக்கம் இரண்டிலும் சிராய்ப்பு, தென்னை ஏறினால் வருகிற மாதிரி. டவரில் நான் ஏறி மாதக்கணக்காகிறது. டவரில் ஏறினால் அந்த இடத்தில் சிராய்ப்பதும் இல்லை. மனசு லேசாகிவிட்டது. கட்டியது என் கையென்றால் அவிழ்க்கவும் என் கை போதும். அவிழ்க்கப் போய் நின்றேன். நுனியைப் பிடித்தேன். நான் மடித்துச் செருகுவது வலப்பக்கம். இது இடப்பக்கம் செருகியிருந்தது. லெவினா இடதுகைக்காரி.

மாமியாரிடம் போனேன். மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், காலையும் காட்டினேன். அவர் சீவுவதை நிறுத்தவேயில்லை. "உங்க கையா அவ கையான்னு என்னத்துக்கு மாப்ளே பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குறீங்க? கோயில்ல ரெண்டையும் ஒண்ணாப் புடிச்சு வச்சது நாந்தான?" என்றார். பிறகு, பிள்ளையை மட்டும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், தேடுவாள் என்றார். யார் தேடுவார் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் கப்பலில் வருகிறோம். நிலம் இப்படியே கிடக்கட்டும். எங்கள் படகிலும் ஓலை கட்டியிருப்பதால் எலியாசரின் படகில் கப்பல்வரை போவோம். நீ துறைமுகத்துக்கு வா.

உன் தம்பி
செர்வாஸ்


ஓஹோய்தெல்
நவம்பர், கப்பல் வந்து நிற்கிறது

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். இதை உன் கையில் கொடுப்பவர் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் சலோமி. பிரசவத்துக்காக அம்போனில் தாய் வீட்டுக்குப் போகிறார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள்தான் தெக்லா. போட்டோவில் பார்த்ததைவிட மெலிந்திருப்பாள். நான் வரவில்லை.

இன்று காலை மூட்டையெல்லாம் கட்டிவிட்டுத் தலை சீவ அவளை எழுப்பினேன். அவள் மணிக்கட்டில் ஓலை கட்டியிருந்தது. சின்னக் குருத்து, பிள்ளைக் கைக்கு அளவாகக் கிழித்தது. நனைந்திருந்தது. மழை பெய்து நாளாகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு.

யார் கட்டியது என்று கேட்டேன். பயந்துவிடக் கூடாதே என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். அவள் பயப்படவில்லை. எனக்குத்தான் ஞாபகம் கெட்டுவிட்டது என்பதுபோலப் பார்த்தாள். "நீ புடிச்சுக்கிட்ட, அம்மா கட்டுச்சு. மறந்துட்டியாப்பா?" என்றாள்.

அக்கா, அதைக் கேட்டதும் எனக்குப் பயம் வரவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன், சந்தோஷம் வந்தது. இத்தனை மாதத்தில் முதல்முறையாக ஏதோ ஒன்று வந்தது. மூட்டையைப் பிரித்துவிடலாமா என்று அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேரும் இருக்கலாமே என்று தோன்றியது. பிள்ளை தன் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, இறுக்குகிறது அப்பா என்றாள். பார்த்தேன். விரல்கள் நீலம் பாரித்திருந்தன. இழுக்க இழுக்க இறுகும் என்று எழுதியிருந்தேன் அல்லவா?

கம்பி வெட்டுகிற கட்டரை எடுத்து வெட்டிவிட்டேன்.

சாசியை அவிழ்க்காமல் வெட்டியவன் இங்கிருந்து போகக் கூடாது. கட்டியவர் வந்து கேட்கும்வரை இருந்து பதில் சொல்ல வேண்டும். வெட்டிய ஓலையை என் கையில் பார்த்ததும் எலியாசர் துடுப்பைக் குறுக்கே போட்டுவிட்டான். "உன்ன ஏத்துனா இந்தப் படகு அப்புறம் எனக்கில்ல மச்சான். காலு வேணும்னாலும் விழுறேன். புள்ளையக் குடு, பத்திரமா ஏத்தி விடுறேன்" என்றான். மாமியார் கரையில் நின்று சத்தம் போட்டு அழுதார், பிள்ளையைத் தடுக்கவில்லை. வெட்டிய பிறகு தடுக்க அவருக்கும் உரிமை இல்லை. சண்டை போட்டு நானும் ஏறியிருக்கலாம். ஏறத் தோன்றவில்லை. கட்டியவர் வருவார் என்கிறார்கள், அக்கா. வந்து கேட்பார் என்கிறார்கள்.

தெக்லாவுக்கு மீனில் முள் பார்த்துக் கொடு. இருட்டென்றால் பயமில்லை, தண்ணீர்ச் சத்தம் கேட்டால்தான் எழுந்து உட்காருவாள். அதனால் தெருப்பக்க அறையில் படுக்க வை. மணிக்கட்டில் சிவந்திருக்கும், தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறிவிடும். முதல் நாட்களில் அழமாட்டாள், அதைப் பார்த்துத் தேறிவிட்டாள் என்று நினைக்காதே. என்னைக் கேட்டால் அப்பா வேலையில் இருக்கிறார் என்று சொல். அம்மாவைக் கேட்டால் நீயே ஏதாவது சொல். எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். காற்று அடங்கி மறுபடி கப்பல் வரும்போது என்னிடமிருந்து உனக்குக் கடிதம் வரலாம். நான் தேறிவிட்டேன், வீட்டைச் சுத்தம் செய்துவிட்டேன், பிள்ளையை அனுப்பிவை என்று அதில் இருக்கலாம். எழுத்து என்னுடையதாகவே இருக்கும். உன்னை நான் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டிருக்கும். அனுப்பாதே. நானே நேரில் வந்து உன் வாசலில் நின்று கூப்பிட்டாலும், முதலில் ஜன்னல் வழியாகப் பார். நான் தனியாக வந்திருந்தால் மட்டும் கதவைத் திற.

என் பிள்ளையை உன் பிள்ளையாக வைத்துக்கொள். ஆண்டவர் உங்கள் வீட்டை நிறைவாக வைக்கட்டும்.

உன் தம்பி
செர்வாஸ்