கிணறு வேலிக்கு வெளியே

சுருவில், யாழ்ப்பாணம்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் நிலாந்தினிக்கு,

இங்கு அப்பாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். நீயும் அந்த அவுஸ்திரேலியாப் பேர்த்தில் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குப் படுத்து, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் கதைத்தால் நீ இடையில் அழத் தொடங்குகிறாய், நான் ஏசத் தொடங்குகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. யாகப்பு அண்ணையின் மகள் மேரிஜோசப்பினும் லீவு முடிந்து உன் ஊருக்குத்தான் திரும்புகிறாள், மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். அழுவதென்றால் முழுவதையும் வாசித்துவிட்டு அழு.

கிணற்று விஷயம் நல்லபடியாக வந்திருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கோபிசங்கர் மாமாவின் காணியில் சோலர் கம்பனி வெயிலில் கரண்ட் எடுக்கும் தகடு போட வருவது உனக்குத் தெரியும். காணி அவனுடையதுதான், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் நல்லதண்ணீர்க் கிணற்றில் எங்களுக்கும் அன்னபூரணம் அக்காவுக்கும் யாகப்பு அண்ணைக்கும் பங்கு இருக்கிறது, கிணற்றுப் பங்கும் வழியும் என்று மூன்று வீட்டுக் காணி உறுதிப் பத்திரத்திலும் எழுதிக் கிடக்கிறது. ரொறன்ரோவில் குழாயைத் திறந்து மூடிப் பழகிய உன் மாமாவுக்கு அது மறந்துபோய்விட்டது. காணி தன்னுடையதென்றால் கிணறும் தன்னுடையதென்று நினைத்து, காணியும் அதிலுள்ள யாவும் இருபத்தைந்து வருடக் குத்தகைக்கு என்று அங்கிருந்தே கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டான். அளவைக்காரர் வந்து கட்டை அடித்த அன்றுதான் எங்களுக்குத் தெரியும், கிணறும் வேலிக்குள்ளே போகிறது என்று. போன் எடுத்துக் கேட்டால், ‘அக்கா, வெறுங்காணிதானே, சும்மாதானே கிடக்குது’ என்கிறான். வெறுங்காணியாம். எங்கள் வீட்டுக் கிணற்றில் குளிக்கத்தான் ஏலும், வாயில் வைக்க ஏலாது. மூன்று வீட்டு உலையும் அந்த வெறுங்காணித் தண்ணீரில்தான் கொதிக்கிறது. அலுவலகத்தில் இருந்து வரைபடம் கீறுகிறவனுக்கும் அது வெறும் இடம், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரனுக்கும் வெறும் இடம். தண்ணீர் அள்ளுகிற எங்களை மனிசராக எண்ணுவதற்கு ஆள் இல்லை.

கம்பனிக்குப் பத்திரம் எழுதும் சட்டத்தரணி ஷாருஜன் என்று ஒரு பெடியன், யாழ்ப்பாணத்தான்தான், கொழும்பில் வேலை. வாசிகசாலையில் கூட்டம் வைத்தான். மரியாதையான பிள்ளை, அதுதான் எனக்குக் கூடுதல் பயம். ‘அன்ரி, கிணறு உள்ளுக்குப் போனாலும் நாங்கள் பவுசர் லொறியிலை தண்ணி தருவம்’ என்றான். ‘தம்பி, பவுசர் பழுதானால் நீர் குடம் தூக்கிக்கொண்டு வருவீரோ?’ என்று அன்னபூரணம் அக்கா கேட்க வாசிகசாலையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் தகடு கழுவ எங்கிருந்து தண்ணீர் எடுப்பீர்கள் என்று நான் கேட்டபோது அவன் சிரிக்கவில்லை. கடற்காற்றில் தகட்டில் உப்புப் படியும், கழுவ நல்ல தண்ணீர் வேண்டும், கிணறோ வேலிக்குள். மோட்டாரை வைத்து இழுத்தால் அடியில் இருக்கிற உவர் மேலே ஏறிவிடும், பிறகு அந்தக் கிணறு யாருக்கும் உதவாது. இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

நீயும் கம்பனிகளுக்குப் பத்திரம் எழுதுகிற சட்டத்தரணிதானே என்று அன்று இரவுதான் உனக்குப் போன் எடுத்தேன். ‘அம்மா, எனக்கு அந்த நாட்டுச் சட்டம் தெரியாது, ஊர்காவற்றுறையிலை ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கோ. ஆனா ஒண்டு சொல்லுறன், கம்பனி சனத்துக்குப் பயப்பிடாது, கடன் குடுக்கிற வங்கிக்குத்தான் பயப்பிடும். காணிக்குள்ளை வேறை ஆக்களுக்கு உரிமை இருக்கெண்டு தெரிஞ்சா வங்கி காசை விடாது’ என்றாய். நீ சொன்னபடியே செய்தோம். ஊர்காவற்றுறையில் வழக்குப் பேசும் ஒரு பிள்ளை மூன்று உறுதியையும் பார்த்து, இந்த உரிமையை மறைத்துக் குத்தகை எழுத ஏலாது என்று கம்பனிக்குக் கடிதம் போட்டாள். இடையில் அன்னபூரணம் அக்காவின் மகனுக்குக் காவல்வேலை தருவதாகக் கம்பனிக்காரர் ஆள் விட்டுப் பார்த்தார்கள். அக்கா, ‘அவன் காவல் காத்த காசிலை நான் போத்தல் தண்ணி வாங்கிறதோ?’ என்று கேட்டு அனுப்பிவிட்டா. அடுத்த கூட்டத்தில் நான் எழும்பி, உங்கள் வங்கிக்கு எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். ஷாருஜன் பேனையை மூடிவிட்டு, ‘அன்ரி, உங்களுக்கு ஆர் இதைச் சொல்லித் தந்தது?’ என்றான். ‘உம்மைப் போலக் கம்பனிக்கு எழுதிற ஒருத்தி, என்ரை குசினியிலை பிட்டு அவிச்சவள்’ என்றேன்.

போன கிழமை அளவைக்காரர் திரும்ப வந்து கட்டைகளைப் பிடுங்கினார்கள். இப்போது வேலி கிணற்றையும் அதற்குப் போகும் ஒழுங்கையையும் சுற்றி வளைந்து போகிறது, கிணறு வெளியே. தகடு கழுவும் தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவருவதாக வாயால் சொன்னார்கள், வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதுங்கள் என்றோம். வருகிற புதன்கிழமை எழுதிக்கொண்டு வருகிறார்கள், எங்கள் சட்டத்தரணி வாசித்த பிறகுதான் மூன்று வீடும் கையெழுத்து வைக்கும். நான் கரண்டுக்கு எதிரியில்லை. இந்தத் தீவில் மூன்று மழைத்துளி விழுந்தால் வீடு இருண்டுவிடுகிறது, கரண்ட் வரட்டும், எங்கள் தொண்டையை அடைத்துக்கொண்டு வரவேண்டாம். கட்டை பிடுங்கிய அன்று ஷாருஜன் வெயிலில் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்டான். ‘பொறும் தம்பி, பவுசர் வரட்டும்’ என்றா அன்னபூரணம் அக்கா. பிறகு செம்பில் அள்ளிக் கொடுத்தா, இரண்டாந்தரமும் வாங்கிக் குடித்தான்.

இனி உன் கதை. அன்றைக்கு நீ அழுதுகொண்டு, ‘நானும் இஞ்சை சுரங்கக் கம்பனிக்கும் காஸ் கம்பனிக்கும் இதைத்தானே அம்மா எழுதிறன், ஆரின்ரை கிணத்தை எழுதிக் குடுத்தனோ தெரியாது, வேலையை விடப்போறன்’ என்றாய். விடாதே. நீ எழும்பினால் அந்தக் கதிரை வெறுமையாகக் கிடக்காது, அடுத்த நாளே ஒருத்தி வந்து இருப்பாள், அவள் வாளி பிடித்தவளாக இருக்கமாட்டாள். அந்த நாட்டுப் பழைய குடிகளின் நிலத்தில்தான் உங்கள் கம்பனிகள் கிண்டுகின்றன என்று நீயே சொல்லியிருக்கிறாய். உன் மேசைக்கு வரைபடம் வந்தால், வெறுங்காணி என்று யார் எழுதியிருந்தாலும், இதற்குள்ளே யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று வாய்திறந்து கேள். கேட்டதற்காக அவர்களாக அனுப்பினால் அப்போது வீட்டுக்கு வா, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். பயந்து நீயாக வராதே.

இரவில் தலையில் தண்ணீர் வார்க்காதே, உனக்குச் சளி பிடிக்கும். கோபி மாமா எடுத்தால் மரியாதையாகக் கதை, அவனை ஏசுவதை என்னிடம் விடு. நீ நெடுகச் சுகமாயிருந்து, செய்கிற வேலையில் தலைநிமிர்ந்து நிற்க வேண்டுமென்று அப்பாவும் நானும் கும்பிடுகிறோம். புதன்கிழமை பின்னேரம் போனைக் கிட்ட வைத்திரு, கையெழுத்து வைக்க முதல் ஒருதரம் உனக்கு வாசித்துக் காட்டுவேன். எந்த வரியில் ஓட்டை இருக்கிறதென்று அந்தக் கதிரையில் இருக்கிற உனக்குத்தான் தெரியும்.

உன் அம்மா,
பரிமளம்