போன் எடுக்காததற்குக் காரணம்

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் போன் எடுப்பதில்லை என்று கோபமாக இருப்பாய். காலில் கம்பி குத்திய காயம் ஆறி வருகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் அதற்குப் போட்ட ஊசியால் இரண்டு காதும் மந்தமாகிவிட்டது. போனில் உன் குரல் வருகிறது, வார்த்தை பிடிபடவில்லை. மெசேஜில் இரண்டு வரியில் சொல்லிவிட மனம் வரவில்லை.

நேற்று பெரிய டாக்டரே வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். தமிழ் தெரிந்த நர்ஸ் என் காதோடு சத்தமாகச் சொன்னாள்: "மருந்து அளவு கூடிப்போச்சு அண்ணே. தப்பு எங்க மேலதான், மன்னிச்சிடுங்கன்னு சொல்றார்."

பழையபடி கேட்குமா என்றேன்.

"தெரியலையாம். பொய்யா ஆறுதல் சொல்ல விரும்பலையாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நான் கத்தி முடிக்கும் வரை அந்த மனுஷர் எழுந்து போகவில்லை. காது மிஷின் அவர்களே தருவார்களாம். இனி கிரேன் ஓட்ட முடியாதே, அந்த நஷ்டஈட்டைப் பேச ஆஸ்பத்திரியைச் சேராத ஒருவரை எனக்குத் துணையாக வைப்பார்களாம்.

"நாளைக்கு இன்னொருத்தனுக்கு இப்படி நடக்காம என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்ல அடுத்த வாரம் வருகிறார். வரட்டும், பார்ப்போம்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. ஊருக்கு வரும் ரூம்காரன் கிளம்பி நிற்கிறான், அவனிடம்தான் இதைக் கொடுக்கிறேன். பதில் எழுதும்போது வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் எழுது. பிள்ளைகள் சண்டை போட்டதையும் எழுது.

உன் வீட்டுக்காரன்